92-ம் 80-ம் சேர்ந்தால் 116!

மாருதி கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) வாங்கலாமா என்று கேட்ட நண்பர், பவர் விவரத்தைப் பார்த்துக் குழம்பிப்போனார். 1.5 லிட்டர் இன்ஜின் 92 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு), மோட்டார் 80 பிஎஸ். கூட்டினால் 172 வரவேண்டும். ஆனால் மொத்தம் 116 பிஎஸ் என்றுதான் போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?

இல்லை. மோட்டார் 80 பிஎஸ் தரக்கூடியதுதான். ஆனால் அதற்குக் கரண்ட் எங்கிருந்து வரும்? பேட்டரி ரொம்பச் சின்னது, ஒரு கிலோவாட் மணி, அதாவது ஒரு யூனிட் கரண்ட்கூடத் தேறாது. ஒரே நேரத்தில் அது தரக்கூடியது ஏறக்குறைய 24 பிஎஸ்தான். மீதிக் கரண்ட்டை இன்ஜினே ஜெனரேட்டரைச் சுழற்றி உண்டாக்குகிறது. அதாவது அந்தப் பங்கு ஏற்கெனவே 92-க்குள் எண்ணப்பட்டுவிட்டது. இரண்டு முறை எண்ணினால்தான் 172 வரும்.

அதனால் கார்களை ஒப்பிடும்போது முதலில் மொத்த பவரைப் பாருங்கள். அப்புறம் இன்ஜினின் தனி பவரையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நீளமான மலைப்பாதையில் ஆக்ஸிலரேட்டரை விடாமல் அழுத்தி ஏறினால் பேட்டரி சார்ஜ் இறங்கிவிடும். அப்போது கையில் இருப்பது கிட்டத்தட்ட இன்ஜின் பவர்தான். குடும்பத்தோடு, லக்கேஜோடு அடிக்கடி கொடைக்கானல் போகிறவர்களுக்கு இது முக்கியம்.

டார்க்கையும் (சுழற்றும் விசை; அளவு என்எம்) இப்படிக் கூட்டாதீர்கள். ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டில் பெருமையாகச் சொல்லப்படும் 253 என்எம், மோட்டாருடையது மட்டும்.

சில இடங்களில் பவரை கிலோவாட்டில் போட்டிருப்பார்கள். 1.36-ஆல் பெருக்கினால் பிஎஸ்.