குளிர் நாட்டிலிருந்து வெப்ப நாட்டுக்கு ஒரு செமஸ்டர்: முதல் இரண்டு வாரம்

விசாவுக்கும் விடுதிக்கும் மாதக்கணக்கில் அலைகிறவர்கள்கூட உடம்புக்கு என்று ஒரு நாள் ஒதுக்குவதில்லை. வெக்கைக்கு உடம்பு பழக 7 முதல் 14 நாள் ஆகும். முதல் சில நாளில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். பிறகு வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அளவும் கூடும், அதில் உப்பு குறையும். எவ்வளவு திடகாத்திரமானவராக இருந்தாலும் ஒரே நாளில் இது நடக்காது. அதனால் வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் போய் இறங்காதீர்கள். பத்து நாள் முன்னதாகப் போனால் நல்லது, ஐந்து நாளாவது வேண்டும்.

கைப்பையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், சேர்க்கைக் கடிதம், காப்பீட்டுச் சான்று, தங்குமிட முகவரி. எல்லாவற்றுக்கும் காகித நகல் எடுங்கள். குடிவரவு வரிசையில் போன் அணைந்துபோனால் அதுதான் கைகொடுக்கும். பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும், தேதியைப் பாருங்கள். மருந்துகளை அசல் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் வையுங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்து கெடக்கூடும். பழைய தலைமுறை ஒவ்வாமை மாத்திரைகள் சில வியர்வையைக் குறைக்கும். மலேரியா தடுப்புக்குத் தரும் டாக்சிசைக்ளின் தோலை வெயிலில் எளிதில் கருக வைக்கும். இரண்டையும் பற்றிக் கிளம்புமுன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

சார்ஜரின் பொடி எழுத்தைப் படியுங்கள். '100–240 வோல்ட்' என்றிருந்தால் பிளக் அடாப்டர் போதும். முடி உலர்த்தி, கெட்டில் போன்றவற்றில் பெரும்பாலும் ஒரே வோல்ட்தான் இருக்கும். 120 வோல்ட் கருவியை 230-இல் சொருகினால் புகைந்துவிடும். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், ஏசி வகுப்பறையில் நடுங்குவீர்கள்.

இறங்கிய முதல் இரண்டு நாள் வங்கி, சிம், பதிவு வேலைகளைக் காலை பத்து மணிக்குள் முடியுங்கள், இல்லையென்றால் வெயில் தாழ்ந்த பிறகு. மூன்றாம் நாளிலிருந்து கொஞ்சம் வெக்கையான நேரத்தில் அரை மணி நேரம் நடங்கள். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள். பலர் தவறுவது இங்கேதான். முதல் நாளே உச்சி வெயிலில் ஊர் சுற்றிவிட்டுப் படுத்துவிடுவார்கள். அல்லது ஏசி அறைக்குள் இரண்டு வாரம் அடைந்து கிடப்பார்கள். அப்படிக் கிடந்தால் பதினைந்தாம் நாளும் உடம்புக்கு முதல் நாள்தான்.

தண்ணீர் போதுமா என்பதைச் சிறுநீரின் நிறம் சொல்லும்: வெளிர் மஞ்சள் சரி, அடர் மஞ்சள் என்றால் குறைவு. ஆனால் மணிக்கணக்கில் வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலியும் குமட்டலும் வரும். ஓஆர்எஸ் பொட்டலம் நாலைந்து கைவசம் இருக்கட்டும். கிடைக்காவிட்டால், 1 லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள், கூடினால் ஆபத்து. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

அறைக்குள் நுழைந்ததும் சன்னல் வலையை விரலால் தடவிப் பாருங்கள். ஓட்டை பெரும்பாலும் சட்டத்தின் மூலையில் இருக்கும், டேப் ஒட்டினாலே போதும். கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். தொங்கவிட்டால் கொசு கீழ்வழியாக வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும், ஆகவே இரவு வலை மட்டும் காப்பாற்றாது. முதலில் சன்ஸ்கிரீன், அது உலர்ந்த பிறகு கொசு விரட்டி. சன்ஸ்கிரீனை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். தோல் செருப்பையும் பெல்ட்டையும் புழுக்கமான அலமாரியில் பூட்டி வைத்தால் பூஞ்சை பூக்கும். ஏசியில் குளிர்ந்த கேமராவைப் பையோடு வெளியே கொண்டுபோய், அரை மணி கழித்துத் திறங்கள். உடனே எடுத்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும்.

தலைச்சுற்றல், குமட்டல், ஏராளமான வியர்வை என்றால் நிழலில் படுத்துக் காலை உயர்த்தி, மெல்ல மெல்லக் குடியுங்கள். பேச்சு குழறி, ஆள் தடுமாறி, உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. அவசர எண்ணை அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தவறியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

காய்ச்சல் வந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டுமே. இபுபுரூஃபென், ஆஸ்பிரின் இரண்டும் இரத்தக்கசிவைக் கூட்டும். மலேரியா உள்ள பகுதியில் இருந்திருந்தால், வீடு திரும்பிப் பல மாதம் கழித்து வரும் காய்ச்சலுக்கும் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது அந்த நாட்டின் பெயர்தான்.