மனுவோடு புறப்படுமுன்: எம்.எல்.ஏ.வை அணுகுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் தொகுதி அலுவலக வாசலில் மூன்று இளைஞர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கையில் ஒரு சால்வை, ஒரு மனு. வாங்கிப் பார்த்தேன். ஒரே வரி: “எங்கள் பகுதிக்குச் சாலை வசதி செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.” எந்தச் சாலை, எங்கிருந்து எதுவரை, எவ்வளவு நீளம், ஒன்றும் இல்லை. அந்த மனுவை எழுதியது நான்தானோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. 2013-இல் நானும் இதே மாதிரி ஒற்றை வரியைத்தான் எழுதினேன்.

ஊர்க் காரியங்களுக்காக அந்த வாசலில் பல வருடம் காத்துக் கிடந்தவன் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்கிறேன். மரியாதையாகப் பேச வேண்டும், காலையிலேயே போக வேண்டும் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தொகுதியை மாற்றிப் புரிந்துகொள்வது

தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள், 39 மக்களவைத் தொகுதிகள். ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது ஒரு மக்களவைத் தொகுதி. கேட்க எளிதாக இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ள ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசி மக்களவைத் தொகுதியில் இருக்கின்றன, திருச்சுழி இராமநாதபுரத்தில். மதுரை மாவட்டத்துத் திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் விருதுநகர் மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. மாவட்டத்தின் பெயரை வைத்துக்கொண்டு உறுப்பினரைத் தேடினால் அலைச்சல்தான் மிச்சம். வாக்காளர் அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். சட்டமன்றத் தொகுதியின் எண்ணும் பெயரும் அங்கேயே இருக்கும்.

2008 மறுசீரமைப்புக்கு முந்தைய தொகுதிப் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும் பெரியவர்களை நம்பிப் போகாதீர்கள். எங்கள் ஊரில் ஒருவர் இன்னும் “எம்.எல்.சி.யிடம் சொல்லலாமே” என்கிறார். எம்.எல்.சி.க்கள் இருந்த சட்டமன்ற மேலவை 1986-லேயே போய்விட்டது.

சாலை யாருடையது என்று தெரியாமல் போவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவே ஓர் ஓடை. மழைக்காலத்தில் பால்வண்டி நான்கு கிலோமீட்டர் சுற்றிப் போகும். அதன் மேல் ஒரு சிறுபாலம் வேண்டும் என்று 2013-இல் மனு கொடுத்தோம். எம்.எல்.ஏ. அன்றே பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். வேலை முடிந்தது என்று நினைத்து ஊருக்குள் இனிப்புக் கொடுத்த முட்டாள் நான்தான்.

கடிதம் நெடுஞ்சாலைத் துறைக்குப் போனது. நான்கு மாதம் கழித்து, இச்சாலை எங்கள் பராமரிப்பில் இல்லை என்று பதில் வந்தது. உண்மைதான், அது ஊராட்சி ஒன்றியச் சாலை. மறுபடி கடிதம், இந்த முறை ஒன்றியத்துக்கு. சாலை எங்களுடையது, ஓடை பொதுப்பணித் துறையுடையது, தடையின்மைச் சான்று வாங்கி வாருங்கள் என்றார்கள். அது கைக்கு வந்தபோது அந்த நிதியாண்டுக்கான பணிப் பட்டியல் முடிந்திருந்தது. அடுத்த ஆண்டும் எதையோ தவறவிட்டோம். கடைசியில் மதிப்பீடு தயாராகி ஆட்சியர் அலுவலகம் போய்ச் சேர்ந்த நேரம், 2016 மார்ச் 4 அன்று தேர்தல் அறிவிப்பு வந்தது. தேர்தல் நடத்தை விதிகள் அமலானால் புதிய பணி எதையும் தொடங்க முடியாது. மே மாதம் புதிய உறுப்பினர் வந்தார். கோப்பு மறுபடி முதல் படியிலிருந்து ஏறியது. பாலம் கட்டி முடித்தது 2018-இல்.

ஐந்து வருடம். இத்தனைக்கும் சாலை யாருடையது என்பதை ஒன்றிய அலுவலகத்துப் பணி மேற்பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டி இரண்டே நிமிடத்தில் சொன்னார். அந்த அலுவலகத்துக்கு எதிரே உள்ள கடையில் நான் தினமும் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள்கூடத் தெருவைக் கடந்து போய்க் கேட்கத் தோன்றவில்லை.

எம்.எல்.ஏ.வின் அதிகாரம் எதுவரை என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தொகுதி மேம்பாட்டு நிதி இப்போது ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அது அவர் சட்டைப்பையில் இருக்கும் பணம் இல்லை. அவர் பணியைப் பரிந்துரைக்கலாம்; நிர்வாக அனுமதி கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர்; மதிப்பீடு போடுபவர் பொறியாளர். ஆகவே முதலில் பொறியாளரிடம் போங்கள். சாலையின் பெயர், அது எந்தத் துறைக்கு உட்பட்டது, இடம் புறம்போக்கா பட்டாவா, தோராயமாக எவ்வளவு செலவாகும் என்ற நான்கையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு பிறகு எம்.எல்.ஏ.வைப் பாருங்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. தை பிறந்த பிறகு போய் நின்றால் அடுத்த ஆண்டு வாருங்கள் என்ற பதிலைத்தான் பெரும்பாலும் கேட்பீர்கள்.

எல்லாவற்றுக்கும் அவரிடமே போவது

தெருவிளக்குக்கு ஊராட்சித் தலைவர் அல்லது வார்டு உறுப்பினர். பட்டாவுக்கு வட்டாட்சியர்.

அவர் வேறு கட்சி என்று ஒதுங்குவது

எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் அதே மேம்பாட்டு நிதிதான், பேரவையில் அதே கேள்வி நேரம்தான். ஒவ்வொரு துறையின் செலவுக்கும் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதங்களில் உங்கள் உறுப்பினர் எதைப் பற்றிப் பேசினார் என்று பேரவை நடவடிக்கைக் குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். பாசனம் பற்றி ஓயாமல் பேசுகிறவரிடம் கண்மாய் மடை விவகாரத்தைக் கொண்டு போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

பிரமாணப் பத்திரத்தைப் படிக்காமல் இருப்பது

வேட்புமனுவோடு தரும் படிவம் 26-இல் சொத்து, கடன், வழக்குகள், படிப்பு, தொழில் எல்லாம் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலான விவரங்களை வேட்பாளர்கள் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். வம்பு பேசுவதற்காகப் படிக்கச் சொல்லவில்லை. ஒருவரின் பத்திரத்தில் நஞ்சை நிலம் இருப்பதைப் பார்த்துவைத்தேன். மடைப் பழுதைப் பற்றிப் பேசப் போனபோது நான் வரைந்து கொண்டுபோன படத்தை விரிக்க வேண்டியிருக்கவில்லை. அவரே மீதியைச் சொன்னார்.

உதவியாளரை அலட்சியப்படுத்துவது

கோப்பு எங்கே நிற்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

கல்யாண வீட்டில் மனு கொடுப்பது

அது எம்.எல்.ஏ. கைக்குப் போகும், அங்கிருந்து ஓட்டுநர் கைக்கு, அங்கிருந்து கார் இருக்கைக்கு.

சால்வை

வேண்டாம். அந்தக் காசுக்கு மனுவை நான்கு நகல் எடுங்கள். ஒன்று எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு, ஒன்று ஒன்றியத்துக்கு, ஒன்று ஆட்சியருக்கு. நான்காவதில் தேதியும் முத்திரையும் வாங்கி வீட்டில் வையுங்கள்.