சாக்கெட்டில் கோப்பு அனுப்பும்போது கடைசித் துண்டைக் கவனியுங்கள்

சி மொழியில் சாக்கெட் (இரு புரோகிராம்கள் பிணையத்தில் பேசிக்கொள்ளும் இணைப்பு முனை) வழியாகக் கோப்பு அனுப்பும் சின்ன புரோகிராம் எழுதுகிறீர்களா? முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்ற வேண்டாம். 4,096 பைட் பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடம்) ஒன்றை வைத்து, துண்டு துண்டாகப் படித்து அனுப்பினால் போதும்.

நான் கோட்டை விட்டது பெறும் பக்கத்தில். 10,000 பைட் படம் ஒன்றை அனுப்பினேன். அந்தப் பக்கம் 12,288 பைட்டாக உட்கார்ந்திருந்தது. படம் ஒழுங்காகத் திறந்ததால் கொஞ்ச நாள் கவனிக்கவே இல்லை. கடைசித் துண்டில் வந்தது 1,808 பைட்தான். நானோ பஃபர் முழுவதையும் எழுதியிருந்தேன். முந்தைய சுற்றின் மிச்சமும் வாலாக ஒட்டிக்கொண்டது.

தரவைப் பெறும் ரெசீவ் (recv) ஃபங்ஷன் எத்தனை பைட் வந்தது என்று சொல்கிறதோ, அத்தனையை மட்டும் எழுதுங்கள். நடுவிலும் அது குறைவாகத் தரலாம். நீங்கள் அனுப்பிய துண்டின் எல்லை, தரவைக் கொண்டுபோகும் பிணைய நெறிமுறையான டிசிபிக்குத் (TCP) தெரியாது. 0 வந்தால் மறுமுனை அனுப்பி முடித்துவிட்டது, மைனஸ் 1 என்றால் பிழை.

அனுப்பும் பக்கமும் இதே கதைதான். அனுப்பும் ஃபங்ஷனான செண்ட் (send) சில நேரம் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை லூப் போட்டு அனுப்ப வேண்டும். பைதானில் செண்ட்ஆல் அதைப் பார்த்துக்கொள்ளும். அப்புறம், நீளம் பார்க்க, எழுத்துச் சரத்தின் நீளத்தை எண்ணும் ஸ்டர்லென் (strlen) பக்கம் போகாதீர்கள்: படக் கோப்பின் நடுவிலேயே மதிப்பு 0 ஆன பைட் வரும், அதைச் சரத்தின் முடிவு என்று எடுத்துக்கொண்டு எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும்.