குழந்தை நரம்பியலைத் தொலைவிலிருந்து கற்றுக்கொடுக்க

மாவட்ட மருத்துவமனையில் இருக்கும் குழந்தை மருத்துவருக்கு வலிப்பு நோயைச் சொல்லித்தர வேண்டுமா? விரிவுரையில் ஆரம்பிக்காதீர்கள். அவர் வார்டில் படுத்திருக்கும் குழந்தையில் ஆரம்பியுங்கள். நிபுணரும் பல ஊர் மருத்துவர்களும் வீடியோ அழைப்பில் கூடி, தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசியே கற்கும் முறை 'எக்கோ'. 2003இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்காகத் தொடங்கிய அந்த முறையின் உயிரே இதுதான்.

வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம் போதும். மதியம் இரண்டு மணி எனக்குச் சரிவந்தது. புறநோயாளிகள் கூட்டம் அதற்குள் வடிந்துவிடும்.

முறைவைத்து ஒருவர் தன் நோயாளியைப் பற்றிச் சொல்லட்டும். பெயர் வேண்டாம், பெற்றோர் சம்மதம் கட்டாயம். செல்போன் வீடியோ போதும், ஆனால் போர்வையை விலக்கி முழு உடம்பும் தெரிய எடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு முறை ஆறு மாதக் குழந்தையின் வீடியோ வந்தது. தூங்கி எழுந்ததும் தலை சட்டென்று முன்னால் கவிழ்கிறது, இரண்டு கைகளும் விரிகின்றன. சில நொடி கழித்து மறுபடியும், மறுபடியும். வயிற்றுவலி என்று ஐந்து வாரம் போயிருந்தது. நிறுத்தி நிறுத்தி நான்கு தடவை போட்டுக் காட்டினேன். இது இன்ஃபன்டைல் ஸ்பாசம், கைக்குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை வலிப்பு. தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உடனே இஇஜி (மூளையின் மின் செயல்பாட்டைப் பதியும் சோதனை) எடுத்து, ஸ்டீராய்டோ விகாபட்ரின் என்ற வலிப்பு மருந்தோ தொடங்க வேண்டும்.

பதிலை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். மற்ற ஊர் மருத்துவர்கள் முதலில் பேசட்டும், எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள். அப்புறம், இரண்டு வாரம் கழித்து அதே குழந்தை எப்படி இருக்கிறது என்று மறக்காமல் கேளுங்கள்.