செல்போன் எண்ணை முதலில் பூட்டுங்கள்: தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப், மின்னஞ்சல் மூன்றுக்கும் இன்று சாவி ஒன்றுதான்: உங்கள் செல்போன் எண். எந்தப் பாஸ்வேர்டை மறந்தாலும் புதுக் குறியீடு அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. அதனால் பாதுகாப்பை அங்கிருந்தே தொடங்குவோம்.

அதற்கு முன் ஐடி எண்ணைப் பற்றி ஒரு விஷயம். நம் 13 இலக்க எண்ணில் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. அடுத்த 4 இலக்கம் 5000-க்குக் கீழே இருந்தால் பெண், 5000 முதல் ஆண். ஃபேஸ்புக்கில் பிறந்த நாளை வருடத்தோடு போட்டாலே பாதி எண் வெளியே போய்விடுகிறது. போதாததற்கு, 2020 ஆகஸ்டில் எக்ஸ்பீரியன் என்ற கடன் விவர நிறுவனத்திலிருந்து சுமார் 2 கோடியே 40 லட்சம் பேர் வரையிலான விவரங்கள் கசிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆகவே, "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று ஒருவர் உங்கள் ஐடி எண்ணையும் முகவரியையும் பிசகாமல் சொன்னால், அது அவர் வங்கிக்காரர் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. இதை வீட்டில் உள்ள பெரியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

1. வாட்ஸ்அப்

செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று போய், 6 இலக்கப் பின் ஒன்றை வையுங்கள். பிறந்த தேதி வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான். அடுத்து மின்னஞ்சல் முகவரி கேட்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மின்னஞ்சல் கொடுக்காமல் பின்னை மறந்தால், அதை மாற்ற 7 நாள் காத்திருக்க வேண்டும்.

பெரும்பாலும் தாக்குதல் இப்படித்தான் வரும்: கோயில் குழுவில் இருக்கும் அக்காவின் எண்ணிலிருந்து, "தப்பா உன் நம்பருக்கு ஒரு கோட் அனுப்பிட்டேன், கொஞ்சம் அனுப்பும்மா" என்று ஒரு செய்தி. அக்காவின் கணக்கு ஏற்கெனவே திருடனின் கையில் இருக்கிறது. அந்த 6 இலக்கம் உங்கள் கணக்கைத் திறக்கும் குறியீடு. அனுப்பினால் அடுத்த நிமிடம் உங்கள் பெயரில் உறவினர் எல்லோரிடமும் பணம் கேட்கத் தொடங்குவான். செய்தி வந்தவுடன் அக்காவுக்குச் சாதாரண அழைப்பாகப் பேசுங்கள், வாட்ஸ்அப் அழைப்பாக அல்ல.

லிங்க்ட் டிவைசஸ் பட்டியலையும் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி இருந்தால் லாக் அவுட் செய்யுங்கள்.

2. சிம் பின்

திருடிய சிம்மை வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அங்கே வரும். திரைப் பூட்டு இதைத் தடுக்காது, சிம் பின்தான் தடுக்கும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'சிம் லாக்' என்று தேடுங்கள். ஐஃபோனில் மொபைல் டேட்டா பகுதியில் சிம் பின். முதலில் பழைய பின்னைக் கேட்கும். அதை ஊகித்துப் போடாதீர்கள். 3 முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும், பிறகு அதைத் திறக்க பியுகே என்ற வேறொரு எண் வேண்டும். அதையும் 10 முறை தவறாகப் போட்டால் அந்த சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். இந்த எண்கள் அச்சிட்டிருக்கும், சிம் வந்த பிளாஸ்டிக் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்; இல்லாவிட்டால் நெட்வொர்க்கைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

3. சிம் ஸ்வாப்பை அடையாளம் காணுங்கள்

சிம் பின் இதற்கு உதவாது. உங்கள் எண்ணையே திருடன் புது சிம்முக்கு மாற்றிக்கொள்கிறான். உங்கள் போனில் திடீரென்று சிக்னல் போய்விடும். இங்கே குழப்பம் என்னவென்றால், லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு நேரத்தில் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்தாலும் அப்படித்தான் ஆகும்.

எப்படிப் பிரித்தறிவது? பக்கத்தில் அதே நெட்வொர்க் வைத்திருப்பவரின் போனைப் பாருங்கள். அவருக்கும் சிக்னல் இல்லையென்றால் பெரும்பாலும் கோபுரம்தான் காரணம். அவருக்கு இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அப்போதும் வரவில்லையென்றால், காலை வரை காத்திருக்காமல் வேறு போனிலிருந்து முதலில் வங்கிக்கும் அடுத்து நெட்வொர்க்குக்கும் பேசுங்கள்.

யாரென்றே தெரியாத எண்களிலிருந்து அடுத்தடுத்து தொல்லை அழைப்புகள் வந்தால் போனை அணைக்காதீர்கள். சிக்னல் போவதை நீங்கள் கவனிக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் செய்கிறார்கள். "உங்கள் சிம்மை மாற்றக் கோரிக்கை வந்துள்ளது" என்ற எஸ்எம்எஸ்ஸையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

மின்னஞ்சலின் இரண்டாம் பூட்டை, அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு கேட்கும் குறியீட்டை, எஸ்எம்எஸ்ஸிலிருந்து ஆதென்டிகேட்டர் செயலிக்கு (போனிலேயே குறியீட்டை உருவாக்கும் செயலி) மாற்றிவிட்டால், எண் பறிபோனாலும் மின்னஞ்சல் தப்பும். போன் கையில் இல்லாதபோது பயன்படுத்த, கூகுள் கணக்கில் 10 பேக்கப் குறியீடுகள் கிடைக்கும். அவற்றைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போனில் படமாக வைத்தால் போனோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

4. வங்கி அழைப்பு

வங்கிச் செயலியில் "ஒப்புக்கொள்ளவா, மறுக்கவா" என்று கேட்டால், நீங்கள் தொடங்காத எதையும் மறுத்துவிடுங்கள். "திருட்டைத் தடுக்க ஒப்புக்கொள்ளுங்கள்" என்பது சுத்தப் பொய். அந்தப் பொத்தான்தான் பணத்தை அனுப்புகிறது. எனிடெஸ்க் போல, உங்கள் போனைத் தூரத்திலிருந்து பார்க்கவும் இயக்கவும் விடும் செயலியை நிறுவச் சொன்னாலும் அழைப்பைத் துண்டியுங்கள். பிறகு வங்கி அட்டையின் பின்பக்கம் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள்.

5. ஐடி நகல்

வாடகை வீட்டுக்கோ வேலைக்கோ நகல் கேட்டால், அதன் குறுக்கே "இன்னாருக்கு, இன்ன காரியத்துக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிப் படமெடுத்து அனுப்புங்கள். எழுத்து எண்ணின் மேலும் படியட்டும், ஆனால் படிக்க முடிய வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டி எடுத்துவிடுவார்கள்.

உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும். தேசியக் கடன் சட்டம் தந்திருக்கும் உரிமை அது. நீங்கள் வாங்காத கடன் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

6. மாட்டிக்கொண்டால்

வாட்ஸ்அப்பை மீண்டும் நிறுவி, எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்கத்தைப் போடுங்கள். திருடன் தன் பின்னை வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் ஆகலாம், ஆனால் அவன் அந்தக் கணமே வெளியேற்றப்படுவான். உறவினர்களுக்குச் சாதாரண அழைப்பில் தகவல் சொல்லுங்கள். ஐடி விவரம் போயிருந்தால் சதர்ன் ஆஃப்ரிக்கன் ஃபிராட் பிரிவென்ஷன் சர்வீஸில் புரொடெக்டிவ் ரெஜிஸ்ட்ரேஷன் (உங்கள் ஐடியில் வரும் விண்ணப்பங்களைக் கூடுதலாகச் சரிபார்க்க எச்சரிக்கும் பதிவு) செய்யுங்கள், கட்டணம் கிடையாது. பணம் போயிருந்தால் வங்கியில் பேசி புகார் எண் வாங்கிய பிறகே காவல் நிலையத்துக்குப் போங்கள், ஏனென்றால் ஒவ்வொரு நிமிடமும் பணம் அடுத்த கணக்குக்கு நகர்கிறது. நிலையத்தில் வழக்குப் பதிந்து தரும் கேஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வங்கி பிறகு அதைக் கேட்கும்.