கடற்பாசி வளர்ப்பு: உப்புத்தன்மையில் நேரும் தவறுகள்

பாக் நீரிணைக் கரையில் மூங்கில் மிதவைகளில் கப்பாஃபைகஸ் பாசி வளர்ப்பவர்கள், கிளைகள் வெளுத்து ஒடிந்து விழும் 'ஐஸ்-ஐஸ்' பாதிப்பைக் கண்டதும் முதலில் விதைப் பாசியைத்தான் குறை சொல்கிறார்கள். பல நேரங்களில் குறை தண்ணீரில் இருக்கிறது. பெருங்கடலில் ஒரு கிலோ நீருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. இந்தப் பாசி 30 முதல் 35 வரையில் நன்றாகச் செழிக்கும். உப்பின் அளவு 20 வரை இறங்கிவிட்டால், வெளியிலுள்ள நீர் செல்களுக்குள் புகுந்து அவற்றை உப்பச் செய்கிறது. அதைச் சமாளிப்பதிலேயே சக்தி செலவாகி வளர்ச்சி தடைப்பட, தளர்ந்த கிளைகளில் பாக்டீரியாக்கள் எளிதில் தொற்றிக்கொள்கின்றன.

மிகுந்த இழப்பைத் தரும் தவறு, தவறான இடத்தில் அளப்பது. மழையில் கடலில் சேரும் நன்னீர் எடை குறைந்தது என்பதால் கடல்நீருடன் உடனே கலக்காமல் மேலே படலமாகப் பரவுகிறது. மிதவையில் கட்டிய பாசி இருப்பதோ அந்தப் படலத்தில்தான். ஆகவே அடியிலிருந்து மொண்ட நீரில் 33 காட்டுகிறது என்று நிம்மதி அடைவதில் பொருளில்லை; பாசி தொங்கும் ஆழத்திலேயே நீர் எடுக்க வேண்டும். மழை விட்டதும் அளப்பதை நிறுத்திவிடுவதும் தவறுதான். வைகையில் வெள்ளம் வரும் ஆண்டுகளில், இராமநாதபுரத்தில் வானம் வெளுத்த பிறகும் ஆற்றங்கரை முகத்துவாரம் வழியாக நன்னீர் வந்துகொண்டிருக்கும். அந்த நாட்களில் முடிந்தால் பாசிக் கயிறுகளைச் சற்று ஆழத்தில் இறக்கிக் கட்டலாம்; முற்றும் நிலையில் இருந்தால் வழக்கமான 45 நாள் அறுவடைக் கணக்கைப் பார்க்காமல் அறுத்துவிடுவதே மேல்.

அடுத்தது கருவியைக் கவனிக்காமல் விடுவது. நீரின் உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரின் மூடியைத் திறந்தால் கண்ணாடியில் வெள்ளையாக உப்புப் பொரிந்திருக்கும். அதைத் துடைக்காமல் அடுத்த சொட்டை விட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். அளக்கும் முன் வாலை வடிநீர் இரண்டு சொட்டு விட்டு, நீலக்கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீர் இதற்கு உதவாது. நம் கடலோர ஊர்களில் அதுவே உப்புக் கரிக்கும்.

விதைப் பாசியில் ஒட்டிய சேற்றை நல்ல தண்ணீரில் அலசுவதும் வழக்கத்தில் உண்டு. சில நிமிடங்களிலேயே செல்கள் உடையத் தொடங்கும் என்பதால், அலசுவதற்கும் ஏற்றிச் செல்லும்போது தெளிப்பதற்கும் கடல்நீரையே பயன்படுத்த வேண்டும்.

கோடையில் இதற்கு நேர்மாறாக, நீரோட்டமில்லாத ஆழங்குறைந்த இடங்களில் நீர் ஆவியாகி உப்பு ஏறுகிறது. அங்கே வெப்பமும் சேர்ந்து வாட்டுவதால், மிதவையை ஓட்டமுள்ள நீருக்கு நகர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.