தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு: முதல் நான்கு சனிக்கிழமைகள்

என் அக்கா மகளும் அதே புளோக்கில் இருக்கும் மூன்று பிள்ளைகளும் சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு ஹாலில் பிரெஞ்சு படிக்கிறார்கள். எல்லாரும் தொடக்கநிலை 2, 3. நான் ஆசிரியை இல்லை. உயர்நிலையில் கல்வி அமைச்சின் மொழி நிலையத்துக்குப் போய்ப் பிரெஞ்சை மூன்றாம் மொழியாகப் படித்தவள், அவ்வளவுதான். என்னைப் போல் வீட்டில் சொல்லித்தர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அட்டைகள். வகுப்பறைக்கென்று இணையத்தில் கிடைக்கும் பட அட்டைகளும் பயிற்சித்தாள்களும் பெரும்பாலும் இங்கிலாந்துப் பள்ளிகளை மனத்தில் வைத்துச் செய்தவை. அங்கே 2014 செப்டம்பரிலிருந்து 7 முதல் 11 வயதுவரை வேற்றுமொழி ஒன்று கட்டாயப் பாடம். படங்கள் அருமையாக இருக்கும். ஆனால் விளக்கம் முழுக்க ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு எழுதியது. படத்தை எடுத்துக்கொண்டு விளக்கத்தை விட்டுவிடுங்கள். இது எனக்கு உறைக்க இரண்டு மாதம் ஆனது.

வேன்கார்டு ஷீட்டில் (கெட்டியான அட்டைத்தாள்) ஒட்டி, விளையாட்டுச் சீட்டு போட்டுவைக்கும் பிளாஸ்டிக் உறையில் செருகினால் போதும். லேமினேட் செய்யாதீர்கள். விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும், தப்பு வந்தால் திருத்தவும் முடியாது. தப்பு வரும்.

முதல் சனிக்கிழமை: வணக்கம், பெயர், நன்றி. 'து', 'வூ' வித்தியாசத்துக்கு அந்தத் தாள்களில் ஒரு முழுப் பக்கம் போகும். நம் பிள்ளைகளிடம் "நீ, நீங்கள்" என்றேன், முடிந்தது.

இரண்டாம் சனிக்கிழமைதான் என்னைக் கவிழ்த்தது: மூக்கொலி. தாளில் ஆங்கில எழுத்தில் போட்டிருந்த உச்சரிப்பைப் பார்த்துப் பிள்ளைகள் "போங்-ஜூர்" என்றார்கள். சரி, தமிழில் எழுதிக் கொடுப்போம் என்று "போன்ஜூர்" என்று எழுதினேன். இப்போது 'ன்'னை அழுத்தி உச்சரித்தார்கள். அங்கே 'ன்' என்று தனி ஒலியே கிடையாது, உயிரொலிதான் மூக்கு வழியாக வருகிறது. (இந்தப் பதிவில் வேறு வழியில்லாமல் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். அட்டையில் இப்படி எழுதாதீர்கள்.)

ஒருநாள் அக்கா மகள் பாட்டியோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். "அவன் வந்தான் பாட்டி" என்றபோது கவனித்தேன். கடைசி 'ன்' வாயில் இல்லை, மூக்கில் இருந்தது. நாம் தினமும் செய்வதுதானே இது! அடுத்த வாரம் இப்படிச் செய்தோம்:

"வந்தான்" என்று பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். பாடநூலை வாசிப்பதுபோல் அல்ல, பாட்டியிடம் சொல்வதுபோல். அந்தக் கடைசி ஒலிதான் 'பிளான்' (வெள்ளை) என்பதில் வருவது. "வந்தேன்" என்பதன் முடிவு 'பேன்' (ரொட்டி). பேச்சில் "மரம்" என்பதன் முடிவு 'போன்' (நல்ல). நாக்கு எங்கேயும் தொடக் கூடாது, தொட்டால் மறுபடியும். அச்சு அசலாக ஒன்றில்லைதான், ஆனால் மிகக் கிட்ட. மூன்று படம், மூன்று தமிழ்ச் சொல், பத்து நிமிடம். இரண்டு மாதமாக வராதது வந்தது.

ஒலியைச் சரிபார்க்க ஃபோர்வோ தளத்தையே பயன்படுத்துகிறேன். அந்தந்த மொழி பேசுபவர்களே ஒவ்வொரு சொல்லாகப் பதிந்தது. செயலிகளின் இயந்திரக் குரல் எனக்குப் பிடிக்காது.

மூன்றாம் சனிக்கிழமை ஆண்பால், பெண்பால். இங்கே தமிழ் உதவாது, இடிக்கும். "மேசை பொம்பளையா?" என்று ஒருவன் கேட்டான். பால் என்பது பொருளுக்கு இல்லை, சொல்லுக்குத்தான். சைக்கிளுக்கு இரண்டு சொல் உண்டு: 'வேலோ' ஆண்பால், 'பிசிக்லெட்' பெண்பால். இதைச் சொன்னதும் மேசைப் பிரச்சினை தீர்ந்தது. அட்டையில் சொல்லுக்கு முன்னால் 'ல' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) போடாதீர்கள், இவை ஆங்கில 'the' போல. உயிரொலிக்கு முன் இரண்டுமே சுருங்கிவிடும், 'லெக்கோல்' (பள்ளி), 'லார்ப்ர' (மரம்) இரண்டில் எது எந்தப் பால் என்று தெரியாது. ஆங்கில 'a' போன்ற 'அன்' (ஆண்பால்), 'யூன்' (பெண்பால்) போடுங்கள். ஆண்பாலுக்கு நீல விளிம்பு, பெண்பாலுக்குச் சிவப்பு.

நான்காவது, கிழமைகள். இதற்கு அட்டையே வாங்க வேண்டாம், கோள்களின் படம் போதும். 'லன்தி' நிலவின் நாள், நமக்குத் திங்கள். 'மார்தி' செவ்வாய், 'மெர்க்ரதி' புதன், 'ஜேதி' வியாழன், 'வான்த்ரதி' வெள்ளி. ஐந்தும் அப்படியே பொருந்தும். சனியும் ஞாயிறும் பொருந்தாது, அங்கே சமயம் புகுந்துவிட்டது: 'சம்தி' யூதர்களின் ஓய்வுநாளான சபாத்து நாளிலிருந்தும், 'திமான்ஷ்' ஆண்டவரின் நாள் என்பதிலிருந்தும் வந்தவை.

பின்சேர்க்கை 1: மகனுக்கு நிறப்பார்வைக் குறைபாடு, நீலம் சிவப்பு வேண்டாம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சரிதான். இப்போது பெண்பால் அட்டைகளின் வலது மேல்மூலையை வெட்டிவிடுகிறேன். கையில் எடுத்ததுமே தெரிகிறது, நிறத்தைவிட இதுவே மேல்.

பின்சேர்க்கை 2: வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறோம், "வந்தான்" என்றால் பிள்ளை 'ன்'னோடுதான் சொல்கிறான் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அவனை "ஆ" என்று நீட்டச் சொல்லி, பாதியில் மூக்கைப் பிடியுங்கள். ஒலி மாறவில்லை என்றால் இன்னும் வாயில்தான் இருக்கிறது. மாறும்வரை விளையாட்டாகச் செய்யுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதற்குள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.